மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் வயிற்றைக் கவனிப்பது எப்படி?

மாதவிடாய்க்கு ஒரு வாரம் இருக்கும்போதே வயிறு உப்பி, மார்பு கனத்து, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும் பெண்கள் நம் தேயிலைத் தோட்டங்களில் நிறைய. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் கூடி, குடலின் அசைவை மந்தமாக்குகிறது. உப்புசமும் மலச்சிக்கலும் அதனால் வரலாம்.

முதலில் ஒரு கலண்டரை எடுங்கள். என்றைக்கு என்ன தொந்தரவு, வயிறு எப்படி இருந்தது என்று இரண்டு மாதவிடாய்ச் சுற்றுகளுக்கு எழுதுங்கள்.

அடுத்தது காலைச் சாப்பாடு. இதுதான் முக்கியம். வெறும் கோதுமை மா ரொட்டியில் நார்ச்சத்து குறைவு. ரொட்டியை விட வேண்டாம், மாவை மாற்றுவோம். நாலில் ஒரு பங்கு குரக்கன் மா சேர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், முருங்கைக்கீரை போட்டு வெந்நீரில் பிசையுங்கள். குரக்கன் சேர்ந்தால் தட்டும்போது ஓரம் வெடிக்கும். கொஞ்சம் தடிப்பாகத் தட்டி, மெல்லிய நெருப்பில் சுடுங்கள். பழகிய பிறகு பங்கைக் கூட்டலாம். கடலை, கௌபியையும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவித்தால் வாயு குறையும்.

குரக்கனில் கல்சியமும் உண்டு. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தினமும் 1200 மில்லிகிராம் கல்சியம் மாத்திரையாக எடுத்த பெண்களுக்கு இந்தத் தொந்தரவுகள் குறைந்தன. நாம் சாப்பாட்டிலேயே தொடங்கலாம்: தயிர், முள்ளோடு நெத்தலி. கருவாடு என்றால் நன்றாகக் கழுவுங்கள், உப்பு கூடினால் உடம்பில் நீர் தேங்கும்.

சரி, தேத்தண்ணி? நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அந்த வாரம் தூக்கம் கெடுகிறதென்றால் மாலைத் தேத்தண்ணியைக் குறையுங்கள்.

அப்புறம் தண்ணீர். கொழுந்து மலையில் கழிப்பறை இல்லை என்று பலர் பகல் முழுக்கக் குடிப்பதே இல்லை. மலச்சிக்கல் அதனால் இன்னும் இறுகும். கழிப்பறை கேட்பது நம் உரிமை, சேர்ந்தே கேட்போம். அதுவரை வேலைக்கு முன்பும் வீடு திரும்பியதும் கட்டாயம் குடியுங்கள்.

மனம் மிகவும் உடைந்துபோனால், உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால், சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உடனே டொக்டரிடம் போங்கள். மற்ற நேரத்தில் அந்தக் கலண்டரை மிட்வைஃபிடம் காட்டிப் பேசுங்கள்.