இரண்டு பெட்டியில் தொடங்கி, புளிக்காத தேனை விற்பது வரை

குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களை ஒட்டித் தேனீ வளர்க்கும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பெட்டியைத் திறப்பது, ராணியை அடையாளம் காண்பது போன்றவை கையால் பழக வேண்டியவை. காதி கிராமத் தொழில் ஆணையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பயிற்சி தருகின்றன. முதலில் அங்கே போய்ப் பழகிவிட்டு வாருங்கள்.

தேனீக் கூட்டம் வாங்குவது

ஒரு பெட்டியோடு தொடங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒன்றில் ராணி இறந்துபோனால், மற்றதிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை (அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை) மாற்றி வைத்தால் போதும், தேனீக்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். நம் ஊருக்கு இந்தியத் தேனீதான் என் தேர்வு.

வாங்கும்போது புழு அறையின் (புழு வளரும் கீழ்த்தட்டின்) சட்டங்களை வெளிச்சத்தில் பாருங்கள். புழு தலையைத் தூக்கியபடி, நீர் நிறைந்த பை போலச் செத்துக் கிடந்தால் அந்தக் கூட்டம் வேண்டாம். அது தாய் (தாய்லாந்து) சாக் புரூட் வைரஸ் நோயாக இருக்கலாம். 1991-ஐ ஒட்டி தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இந்த நோய்தான். விலை குறைவு என்று மனம் இளகிவிடக் கூடாது.

பெட்டியை நிழலில் வையுங்கள். எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கு காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் அவசியம். பெட்டியைத் திறக்கும்போது தேனீக்களை அமைதிப்படுத்தும் புகைப்பானுக்குக் காய்ந்த கதம்பையை (தேங்காய் நார் மட்டையை) விட நல்லது எதுவும் இல்லை. மெதுவாக எரியும், குளிர்ந்த புகை வரும்.

மழைக்காலத் தீனி

பூ இல்லாத மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து கொடுக்கலாம். ஆனால் தேன் அறையை (தேன் சேரும் மேல்தட்டை) கழற்றி வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், தேன் வரத்து தொடங்கும் முன் நிறுத்திவிடவும் வேண்டும். இல்லையென்றால் சர்க்கரைப் பாகும் தேன் அறைக்குப் போய்விடும். அப்புறம் அதைச் சுத்தமான தேன் என்று விற்க முடியாது.

அறுவடை: அவசரம் கூடாத இடம்

ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது தேன் வரத்து தொடங்கும். மதுரம், அதாவது தேனீ உறிஞ்சும் இனிப்பு நீர், ஊறுவது பூவில் அல்ல, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில். ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் வரை பெட்டி நிறைய நிறைய ஆசை வரும், உடனே எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள்.

தேனீக்கள் மதுரத்தில் உள்ள நீரை வற்றவைத்த பிறகுதான் அடையின் கண்களை மெழுகால் மூடும். சட்டத்தில் முக்கால் பங்காவது மூடியிருக்க வேண்டும். மூடாத பகுதியில் சந்தேகம் வந்தால் சட்டத்தைப் படுக்கைவாட்டில் பிடித்து ஒருமுறை உதறுங்கள். துளி சிந்தினால் பழுக்கவில்லை, திருப்பி வைத்துவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பக்கத்து ரப்பர் தேன் அதைத் தாண்டுவது சாதாரணம். நீர் மிகுந்தால் தேனில் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், நுரைக்கும், மூடி உப்பும். எனக்கு அதிகம் தலைவலி தந்ததும் இதுதான். அதனால் முதல் வருமானத்தில் தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். எந்தக் கருவியைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இதைத் தண்ணீர் விட்டுச் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் அளவுகோல் அவ்வளவு கீழே இறங்காது. கூடவே வரும் சரிபார்ப்புத் திரவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். தேனை அடிவரை கலக்கிவிட்டு அளந்து பாருங்கள்.

ஈரம் கூடியிருந்தால் அகலமான எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி, சிறிய மூடிய அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு, அவ்வப்போது கிளறிவிடுங்கள். வெயிலில் திறந்து வைத்தால் வற்றும் என்று சொல்வார்கள். நம் கடலோரக் காற்றில் அது நடக்காது. தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்பில் சூடாக்குவதும் வேண்டாம். மணமும் நிறமும் கெடும்.

தேன் எடுக்கும் கருவி எவர்சில்வரில் இருக்கட்டும். தேன் அமிலத்தன்மை உள்ளது, தகரம் துருப்பிடிக்கும். அடையைப் பிழிந்து எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், புழுச்சாறும் கலந்துவிடும். புழு அறையில் உள்ள தேன் தேனீக்களுக்கே உரியது.

பாட்டிலும் விற்பனையும்

தேன் தண்ணீரை விடக் கனம். அரைக் கிலோ தேனுக்கு சுமார் 350 மில்லி பாட்டில் போதும். கடைக்காரர் மில்லி கணக்கில் விற்பார், நீங்கள் லேபிளில் கிராம் கணக்கில் எழுத வேண்டும். கண்ணாடிப் பாட்டிலையே நான் விரும்புகிறேன்.

விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். லேபிளில் பதிவு எண், நிகர எடை, அடைத்த தேதி, தொகுதி (பேட்ச்) எண், அதிகபட்ச விலை, உங்கள் முகவரி எல்லாம் வேண்டும். 'ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது' என்பதையும் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நீங்கள் இங்கேயே வளர்ப்பவர் என்றாலும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்த பிறகே அந்தக் குறியீட்டை ஒட்ட முடியும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் அதிகம் கேட்டது: "வாங்கியவர் தேன் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்திருக்கிறீர்கள் என்கிறார், என்ன சொல்வது?" ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் இயல்பு. தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. ஆய்வகச் சோதனைதான் காட்டும். இதை பாட்டிலோடு ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பாட்டிலை வைத்தால் தேன் திரும்ப இளகும் என்பதையும் அதில் எழுதுங்கள். இன்னொன்று, உறையும்போது மீதித் திரவத்தில் நீர் கூடும் என்பதால், ஈரம் அதிகமுள்ள தேன் அப்போதுதான் புளிக்கத் தொடங்கும். உறைந்த பாட்டிலில் மேலே நுரை கட்டியிருந்தால் அதை இளக்கித் தராதீர்கள், திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.