எச்.எல்.ஏ. வகையை வைத்து எச்.ஐ.வி. தப்பிய இடத்தைக் கண்டறிவது எப்படி?

எச்.எல்.ஏ. என்பது செல்லுக்குள் உள்ள புரதத் துண்டுகளை நோயெதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக் காட்டும் புரதம். அதன் வகை ஆளுக்கு ஆள் வேறுபடும். மருந்தின்றியே எச்.ஐ.வி.யைப் பல ஆண்டுகள் அடக்கி வைத்திருப்போரிடம் எச்.எல்.ஏ.-பி*57, பி*27 ஆகிய மரபணு வகைகள் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆனால் வகையின் பெயரைத் தெரிந்துகொள்வது தொடக்கம்தான். அந்த வகை, வைரஸின் எந்தத் துண்டை, தொற்றிய செல்களை அழிக்கும் சி.டி.8 டி செல்லுக்குக் காட்டுகிறது, அந்தத் துண்டு இப்போது மாறியிருக்கிறதா, மாறியதால் வைரஸ் எதை இழந்தது என்பதையெல்லாம் பார்த்தால்தான் கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

முதலில் எச்.எல்.ஏ. அறிக்கையில் முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ள எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பி*35 என்று மட்டும் இருந்தால் மேலே செல்ல வேண்டாம். 35:02, 35:03 ஆகியவை நோய் விரைந்து முற்றுவதோடு தொடர்புடையவை. சில அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடும் 35:01 அப்படியன்று.

அடுத்து, அந்த வகை பிடிக்கும் பெப்டைடை, அதாவது வைரஸ் புரதத்தின் சிறு துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாஸ் அலமோஸ் எச்.ஐ.வி. தரவுத்தளத்தில் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட பெப்டைடுகளின் பட்டியல் உள்ளது. நான் அங்குதான் தொடங்குவேன். நெட்எம்எச்சிபான் போன்ற கணிப்புக் கருவிகள் பெப்டைடு எச்.எல்.ஏ.யோடு ஒட்டுமா என்றுதான் சொல்லும். டி செல் அதை அடையாளம் காணுமா என்பது வேறு கேள்வி. பி*27:05-க்கு கே.கே.10 பெப்டைடை எடுத்துக்கொள்வோம். வைரஸின் உட்கட்டமைப்பை ஆக்கும் காக் புரதத்தின் 263 முதல் 272 வரையுள்ள பத்து அமினோ அமிலங்கள் இதில் அடங்கும். இரண்டாம் இடத்திலுள்ள ஆர்ஜினின்தான் எச்.எல்.ஏ.யின் பள்ளத்துக்குள் இறங்கிப் பெப்டைடைப் பிடித்து நிறுத்துகிறது.

இனி வரும் படியில்தான் நான் நெடுநேரம் சிக்கிக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரைகள் '264' என்று சொல்வது முழு காக் புரதத்தின் எண். நான் திறந்து வைத்திருந்ததோ, காக்கிலிருந்து வெட்டிப் பிரியும் துண்டுகளில் ஒன்றான பி24 புரதத்தின் வரிசை. பி24-இல் மொத்தமே 231 அமினோ அமிலங்கள்தான் என்பதால் 264-ஆம் இடம் அதில் கிடையாது. காக்கின் முதல் 132 அமினோ அமிலங்கள் பி17 என்ற மற்றொரு துண்டுக்கு உரியவை. ஆகவே காக் எண்ணிலிருந்து 132-ஐக் கழித்தால் பி24 எண் கிடைக்கும். 264 என்பது 132 ஆகும். இல்லாத இடத்தைத் தேடினால் பிழை உடனே தெரிந்துவிடும். அடுத்து நாம் பார்க்கவிருக்கும் 173-ஐத் தேடும்போதுதான் ஆபத்து. பி24-இலும் 173-ஆம் இடம் உண்டு, ஆனால் உங்களுக்கு வேண்டியது 41-ஆம் இடம். எனவே தொடங்கும் முன்பே எல்லா எண்களையும், ஒப்பீட்டுக்கான பொது எச்.ஐ.வி. வரிசையான ஹெச்.எக்ஸ்.பி.2-இன் காக் எண்ணாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நோயாளியின் வைரஸ் வரிசையை ஹெச்.எக்ஸ்.பி.2-வோடு பொருத்திப் பாருங்கள். 264-இல் ஆர்ஜினினுக்குப் பதில் லைசின் இருந்தால், பிடிமானம் தளர்ந்து டி செல்லின் பார்வையிலிருந்து வைரஸ் தப்பிவிட்டது என்று பொருள். ஆனால் அந்த இடம் வைரஸின் உள்கூட்டுக்கு இன்றியமையாதது. அங்கு மாறிய வைரஸ் சரியாகப் பெருக இயலாமல் தடுமாறுகிறது. அந்தக் குறையை ஈடுசெய்வது 173-இல் செரின் அலனினாக மாறுவது. ஆகவே 264-ஐ மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

பிற்சேர்க்கை: பி*57 இல்லாதவரிடமும் காக்கின் 242-இல் திரியோனினுக்குப் பதில் அஸ்பராஜின் தெரிகிறதே என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். பி*58:01 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 242-ஆம் இடத்தை உள்ளடக்கிய, பி*57 காட்டும் டி.டபிள்யூ.10 பெப்டைடை அதுவும் காட்டும். அதுவும் இல்லையென்றால், பி*57 அல்லது பி*58:01 கொண்ட ஒருவரிடமிருந்து அந்த வைரஸ் வந்திருக்கலாம். அந்த டி செல் அழுத்தம் இல்லாத உடலில் இந்த மாற்றம் காலப்போக்கில் பழைய வடிவுக்கே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்பதால், அதே நபரின் பிந்தைய மாதிரி ஒன்று கிடைத்தால் அதையும் பொருத்திப் பாருங்கள்.