மனைவிக்கு முதல் கைத்துப்பாக்கி: கணவர்கள் செய்யும் தவறுகள்

மனைவிக்குக் கைத்துப்பாக்கி வாங்கித் தர நினைக்கிற கணவர்கள் டெல்டாவில் அதிகம் இல்லை. ஆனால் இருக்கிறார்கள். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் போனால் காரணம் புரியும். கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மனைவி தென்னந்தோப்புக்கு நடுவில் தனி வீட்டில், பிள்ளைகளோடும் வயதான மாமியாரோடும் இருப்பார். தேங்காய்ப் பணமும் இறால் பண்ணைக் கூலிக் கணக்கும் அவர் கையில்தான். கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் துப்பாக்கிப் பேச்சு எழுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பேச்சை எடுக்கும்போதே கணவர் மாடலையும் முடிவு செய்துவிட்டிருப்பார். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வேண்டுமா என்று கேட்காமல் எது வேண்டும் என்று பேசுவது

தீபாவளிக்குக் கேட்காமல் எடுத்துவந்த புடவை பிடிக்கவில்லை என்றால் பீரோவில் கிடக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. பிடிக்காத துப்பாக்கி பீரோவில் கிடந்தால் அது எதிரி கைக்கோ பிள்ளை கைக்கோ போகக் காத்திருக்கும் பொருள். ஒரு மனிதரைச் சுடத் தன்னால் முடியுமா என்ற கேள்விக்கு மனைவி மட்டும்தான் பதில் சொல்ல முடியும். "முடியாதுங்க" என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். நல்ல கதவு, வெளிவிளக்கு, கேமரா, இரண்டு நாய், ராத்திரி காவலுக்கு ஓர் ஆள் என்று செலவு செய்ய வேறு வழிகள் நிறைய உண்டு. என்னைக் கேட்டால், துப்பாக்கி வாங்குகிற வீட்டிலும் இவையெல்லாம் முதலில் வந்திருக்க வேண்டும்.

அமெரிக்க வீடியோ பார்த்துத் தேர்வு செய்வது

யூடியூபில் பெண்களுக்கான முதல் துப்பாக்கி என்று தேடினால் குளோக், சிக் சாவர் என்று 9 எம்எம் பிஸ்டல்களாக வந்து விழும். நம் ஊர்ச் சட்டத்தில் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்எம் தோட்டாவை ஏற்கிற கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமகனுக்கு மாவட்ட அளவில் அதற்கு லைசென்ஸ் தர மாட்டார்கள். நம் ஆள் நடைமுறையில் வாங்குவது .32 அல்லது .22 போர் (குழலின் உள்விட்ட அளவு) தான். அதிலும் பெரும்பாலும் கான்பூர் தொழிற்சாலையிலிருந்து வரும் .32 ரிவால்வர். திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே தயாராவது முக்கியமாகப் படைகளுக்கும் போலீசுக்கும் வேண்டிய துப்பாக்கிகள்.

இன்னொன்று, இங்கே வரிசை தலைகீழ். முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. அமெரிக்காவில்போல் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் களத்தில்) ஐந்தாறு மாடலை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கும் வசதி நம் கடைகளில் இல்லை. அதனால் ஆராய்ச்சியை விண்ணப்பம் போடும் முன்பே செய்ய வேண்டியிருக்கிறது.

லைசென்ஸைத் தன் பெயரில் எடுப்பது

இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். ஆயுதச் சட்டம் 1959-ன்படி லைசென்ஸ் தனிநபருக்கு உரியது, குடும்பத்துக்கு அல்ல. கணவர் பெயரில் இருக்கும் ரிவால்வரை வீட்டில் விட்டுவிட்டு அவர் விமானம் ஏறினால், அதை வைத்திருக்கும் மனைவி லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை. "வீட்டுக்காரர் லைசென்ஸ் இருக்கே" என்பது ஸ்டேஷனில் எடுபடாது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி கூடத்தில் தொங்கிய மிராசுதார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அந்தத் துப்பாக்கியும் யாரோ ஒருவர் பெயரில்தான் இருந்தது.

ஆகவே விண்ணப்பம் மனைவியின் பெயரில் போக வேண்டும். அவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 விதிகள் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழையும் கேட்கின்றன. போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும்; மாவட்டத்தில் முடிவு கலெக்டர் கையில். உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். முன்பு கொடுத்த புகார், எஃப்.ஐ.ஆர்., மிரட்டல் வந்த விவரம் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். "பயமாக இருக்கிறது" என்ற ஒற்றை வரியை வைத்துத் தமிழ்நாட்டில் லைசென்ஸ் கிடைப்பது அபூர்வம். விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்ற கேள்விக்கு மனைவியே தெளிவாகப் பதில் சொல்வதில்தான் பாதி நம்பிக்கை வருகிறது.

"பொம்பளைக்குச் சின்னதா, லேசா"

கடைக்காரரும் இதையே சொல்வார், மச்சானும் இதையே சொல்வார். 2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று நிர்பீக் என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலவை, எடை சுமார் 500 கிராம், அப்போதைய விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். பையில் தூக்கிப் போக லேசாக இருக்கும் துப்பாக்கி, சுடும்போது கையை அதிகமாக உதைக்கும். ஒரே தோட்டா, ஒரே அளவு வெடிமருந்து என்றால் துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். குழல் குட்டையானால் குறி பார்க்கும் இரண்டு முனைகளுக்கும் இடைவெளி குறையும். கை சிறிது ஆடினாலும் தோட்டா விலகிப் போகும். .32 தோட்டாவின் உதைப்பு பயங்கரமானது ஒன்றுமில்லை. ஆனால் முதல் நாளே கை அதிர்ந்துபோன ஒருவர் இரண்டாவது பயிற்சிக்கு வர மாட்டார். புதிதாகக் கற்பவருக்குச் சற்றே கனமான, முழு அளவு ரிவால்வர்தான் சுலபம். 2023-ல் வந்த பிரபல் ஏறத்தாழ 700 கிராம். தோட்டா போடும் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். எதை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

.22-ல் நிடார் என்று 250 கிராம் ரிவால்வர் ஒன்றும் வந்தது. உதைப்பே இருக்காது என்று அதற்கு ஆசைப்படுவார்கள். .22 தோட்டா பயிற்சிக்கு அருமையானது. தற்காப்புக்குப் பலம் குறைவு, மற்ற தோட்டாக்களைவிட அழுத்தியும் வெடிக்காமல் போவதும் சற்று அதிகம்.

ரிவால்வரா பிஸ்டலா என்பது அடுத்த வாக்குவாதம். ரிவால்வரில் சிக்கல் குறைவு, அழுத்தினால் சுடும் என்பது உண்மை. அந்த அழுத்தல்தான் கடினம். துப்பாக்கியின் பின்புறம் இருக்கும் சுத்தியலைப் (ஹாமர்) பின்னால் இழுக்காமல் நேராக விசையை அழுத்தினால் சிலிண்டரைத் திருப்பும் வேலையையும் அந்த ஒரு விரலே செய்ய வேண்டும். பிஸ்டலில் விசை பெரும்பாலும் லேசு. ஆனால் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கத் தெரிய வேண்டும், தோட்டா சிக்கினால் எடுக்கத் தெரிய வேண்டும். ஸ்லைடு இழுப்பதில் பலத்தைவிட முறை முக்கியம். ஒரு கை பின்னால் இழுக்கும்போது மற்றக் கை பிடியை முன்னால் தள்ள வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை சுலபமானது. தோட்டா இல்லை என்பதைக் கடைக்காரரும் மனைவியும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு மனைவி பிடிக்கட்டும். குழல் முழங்கைக்கு நேர்கோட்டில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையின் நடுவில் உட்காருகிறதா? கடைக்காரர் அனுமதியோடு, சுவரில் ஒரு புள்ளியைக் குறி வைத்து, வெறும் துப்பாக்கியை ஆறு முறை அழுத்தட்டும். நான்காவது முறையே முனை ஆடினால் அந்தத் துப்பாக்கி அவருக்கு இல்லை. அவர் இடது கைக்காரர் என்றால் பூட்டு, பொத்தான் எல்லாம் எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் கணவர் செய்யக்கூடிய ஒரே உதவி வாயை மூடிக்கொண்டு நிற்பது. "இப்படிப் புடி, அப்படிப் புடி" என்று ஆரம்பித்தால், அவர் துப்பாக்கியைப் பார்க்க மாட்டார்; உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

தோப்பில் தானே சொல்லிக்கொடுப்பது

தோப்புக்குள் ஒரு தேங்காயை வைத்துச் சுட்டுப் பழகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தோட்டா தேங்காயோடு நிற்காது. டெல்டா சமவெளி, தோட்டாவைத் தாங்க மேடு கிடையாது. தோப்புக்கு அப்பால் நாற்றங்காலில் ஆட்கள் குனிந்து நிற்பார்கள்.

திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்து சுட்டாரே, அதே இடம். தஞ்சாவூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். முதலில் ஏர் பிஸ்டலில் தொடங்கலாம். 4.5 எம்எம் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம். பிடி, மூச்சு, விசை அழுத்தும் பதம் எல்லாம் அதிலேயே கைவரும். அங்கே சொல்லிக்கொடுப்பது வேறொருவராக இருக்கட்டும், முடிந்தால் ஒரு பெண் பயிற்சியாளர். கணவர் கார் ஓட்டலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பையில் வைப்பது

ஸ்கூட்டியில் போகும்போது பறிபோவது முதலில் பைதான். அப்போது துப்பாக்கியும் சேர்ந்து போகும். வெளியே எடுத்துப் போவதென்றால் உடம்போடு ஒட்டிய உறை, மேலே மறைக்கும் உடை. புடவையில் அது எங்கே நிற்கும் என்பதை அவர்தான் கட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொலைந்தால் உடனே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

எங்கே எடுத்துப் போகக் கூடாது என்பதும் டெல்டாவில் பெரிய விஷயம். லைசென்ஸ் நிபந்தனையிலேயே திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. திருவாரூர்த் தேர், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்று ஆண்டு முழுக்கக் கூட்டம் கூடும் ஊர் நம்முடையது. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது பையில் ரிவால்வர் இருந்தால் அதுவே நிபந்தனை மீறல்.

"திருடன் வந்தால் சுட்டுடு"

இப்படிச் சொல்லிக் கொடுக்கும் கணவர் மனைவியைச் சிறைக்கு அனுப்பத் தயார் செய்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. எந்தச் சூழலில் எதிராளியின் உயிர் போனாலும் அது குற்றமாகாது என்பதை 38-ம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. கொலை அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை அதில் அடங்கும். சொத்தைக் காப்பதற்கு 41-ம் பிரிவு கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல், வீட்டுக்குத் தீவைத்தல் போன்றவற்றைச் சொல்கிறது. தேவைக்கு மேல் காயம் செய்யக் கூடாது என்ற வரம்பு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. தேங்காய் திருட வந்தவனுக்கு இது பொருந்தாது. சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் பறப்பவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது மிகக் கடினம்.

அதனால் வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டியது வேறு. எல்லோரும் எந்த அறைக்குள் போவது, கதவைத் தாழ் போடுவது, 112-க்கு யார் போன் செய்வது, உள்ளிருந்து என்ன சத்தம் கொடுப்பது என்பதெல்லாம். துப்பாக்கி அந்த அறைக்கதவு உடைந்தால் மட்டும். கீற்றுக் கொட்டகையும் தகரத் தடுப்பும் தோட்டாவை நிறுத்தாது என்பதால் மாமியார் எந்தப் பக்கம் படுக்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பூட்டு, ஈரம், புயல்

தலையணைக்கு அடியில் வைப்பது சினிமாவுக்குச் சரி. பிள்ளைகள் உள்ள வீட்டில் சுவரில் பதித்த பூட்டுப் பெட்டி, சாவியோ எண்ணோ மனைவியிடம் மட்டும். தரையோடு வைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஊர் இது. வேதாரண்யம், நாகப்பட்டினம் உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று கடலோரத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் தோல் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது என்று இருந்தால் போதும். தோட்டா மேல் எண்ணெய் படக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது குடும்பம் குடும்பமாக முகாமுக்குப் போனோம். அப்படிப் போக நேர்ந்தால் துப்பாக்கி என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பட்டென்று சொல்லிவிடுகிறேன். கணவர் வீட்டுக்கு வந்தால் குடிக்கிறவர், கை நீட்டுகிறவர் என்றால் அந்த வீட்டில் துப்பாக்கி வேண்டாம். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தாலும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் திருடனைவிட அந்த ஆபத்துதான் கிட்டத்தில் இருக்கிறது.

தேர்தலும் புதுப்பித்தலும்

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவெல்லாம் வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று நம் நாட்டில் தேர்தலுக்குப் பஞ்சமில்லை. அந்த வாரங்களில் வீட்டைக் காப்பது கதவும் நாயும்தான். ஒப்படைக்கும்போது ரசீது வாங்க மறக்கக் கூடாது.

லைசென்ஸ் இப்போது 5 ஆண்டுக்கு. கெடு முடிந்தபின் வைத்திருந்தாலே குற்றம் என்பதால் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். நடுவில் மனைவிக்கு இது வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கலாம். முறைப்படி தகவல் கொடுத்து, லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். அவ்வளவு செலவு செய்து வாங்கியதை ஏன் கொடுக்கிறாய் என்று கணவர் அப்போது கேட்காமல் இருந்தால் நல்லது.