ஓப்பனர் இல்லாத நேரத்தில் பீர் பாட்டிலைத் திறப்பது எப்படி?

திறக்க முனையும் முன் மூடியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சில பாட்டில்களின் மூடியில் இழுத்துத் திறப்பதற்கான வளையம் இருக்கும். அது இருந்தால் வேறு கருவியே தேவையில்லை. மற்றவை, கண்ணாடி விளிம்பைச் சுற்றித் தன் பற்களால் கவ்விக்கொண்டிருக்கும் தகர மூடிகள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் பெயின்டர் என்பவர் 1892-இல் காப்புரிமை பெற்ற மூடி இது. அதில் 24 பற்கள் இருந்தன. இன்றைய மூடிகளில் 21. கண்ணாடிப் பாட்டிலில் வரும் பன்னீர் சோடாவுக்கும் இதே மூடிதான் என்பதால், கீழே சொல்லப்படும் முறைகள் குடிக்காதவர்களுக்கும் உதவும்.

பாட்டில் குளிர்ந்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் வாங்கி, சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்த பாட்டிலை உடனே திறந்தால், பாதி நுரையாகச் சட்டையில்தான் வழியும். சூடு ஏறினால் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு வெளியேறத் துடிப்பதே இதற்குக் காரணம். பனிக்கட்டி போட்ட வாளித் தண்ணீரில் நிமிர்த்தி வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு கையில் எடுங்கள். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைப்பவர்கள் மறந்துவிட்டால், உறைந்து விரியும் திரவம் பாட்டிலையே உடைத்துவிடும்.

வீட்டில் எளிதாகக் கிடைப்பது கனமான எவர்சில்வர் கரண்டி. மெல்லிய டீ ஸ்பூன் வளைந்துவிடும்; சாம்பார் ஊற்றும் கரண்டியின் காம்பு போன்ற உறுதி வேண்டும். பாட்டிலின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, இடக்கையால் கழுத்தின் உச்சியை இறுகப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் மூடியின் பற்களுக்கும் இடையே கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்கு மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும். காம்பின் நுனியைப் பற்களுக்கு அடியில் செருகி, காம்பை ஆள்காட்டி விரலின் மேல் கிடத்தி, மறுமுனையை வலக்கையால் சீராகக் கீழே அழுத்துங்கள். நுனி மேலெழும்பி மூடியை நெம்பும். பலர் தடுமாறுவது இடக்கையை மிகக் கீழே பிடிப்பதால்தான்: அப்போது விரல் தாங்க வேண்டிய பாரத்தைக் கண்ணாடிக் கழுத்து தாங்குகிறது, கரண்டியும் வழுக்குகிறது. விரல் வலித்தால் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். மூடி தெறிக்கும் என்பதால் பாட்டிலின் வாய் யாருடைய முகத்தையும் நோக்கி இருக்கக் கூடாது. சிகரெட் லைட்டரின் அடிப்பாகத்தாலும் இதே முறையில் திறக்கலாம். ஆனால் வெயிலில் கிடந்து சூடேறிய லைட்டரை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், கரண்டியைவிட ஸ்பானரே மேல். அகலமான வாயுள்ள ஸ்பானரின் கீழ்த்தாடையைப் பற்களுக்கு அடியிலும் மேல்தாடையை மூடியின் நடுவிலும் பொருத்தி, கைப்பிடியை மேல்நோக்கித் தூக்கினால், விரலுக்கும் கண்ணாடிக்கும் பாரம் போகாமல் மூடி கழன்றுவிடும். ஓப்பனர் செய்வதும் இதைத்தான். எதுவும் சரிவராவிட்டால் திருப்புளி இருக்கிறது. பாட்டிலை மேசைமேல் நிறுத்தி, ஒவ்வொரு பல்லாக வெளிப்புறம் வளைத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். சில பற்கள் தளர்ந்ததுமே "புஸ்" என்று காற்று வெளியேறும். அதன்பின் மூடியைத் தளர்த்துவது சுலபம். பொறுமை வேண்டும், அவ்வளவே.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை; திண்ணையும் படிக்கட்டும்கூடக் கல்தான். அந்தக் கல்விளிம்பில் மூடியைக் கொக்கி போல மாட்டி, மேலே ஓங்கித் தட்டித் திறப்பது பலருக்கு வழக்கம். கருங்கல் கண்ணாடியைவிடக் கடினமானது. அடி சற்று விலகினால் பாட்டிலின் வாய் சில்லுடைந்து போகும். அப்படிச் சில்லுடைந்த பாட்டிலில் உள்ளதைத் துணியில் வடிகட்டிக் குடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத துகள் துணியைத் தாண்டும். முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிடுங்கள். பல்லால் கடித்துத் திறப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: உடைந்த பல் திரும்ப முளைக்காது.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. வீடு திரும்பத் தொப்பூர்க் கணவாய் வழியே வண்டி ஓட்ட வேண்டியவர், அன்றைக்குப் பன்னீர் சோடாவைத் திறந்துகொள்வதே நல்லது.

காலிப் பாட்டிலை ஒகேனக்கல் பாறைகளிலோ, யானைகள் நடமாடும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களிலோ எறியாதீர்கள். பாட்டிலை உடையாமல் பழைய பொருள் கடைக்குக் கொடுங்கள். நெம்பி எடுத்த மூடியின் பற்கள் வெறுங்காலைக் கிழிக்கும் என்பதால், அது தெறித்து விழுந்த இடத்தைத் தேடி அதையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.