பைப் நடுவில் டிஸ்க் ஏன் கடிக்கிறது? கிரைண்டர் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் போனாலும், வேலை தொடங்கும் முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒரே பாட்டுதான்: கண்ணாடி போடு, கையுறை போடு, ஃபேஸ் ஷீல்டை இறக்கிவிடு, தொளதொள சட்டை வேண்டாம். சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கும் தம்பிகளுக்கு சேஃப்டி கோர்ஸிலேயே இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. அத்தனையையும் மாட்டிக்கொண்டு, இந்த வேலையைச் செய்யலாம் என்ற பெர்மிட்டும் வாங்கிக்கொண்டு, அப்புறமும் கிரைண்டரில், அதாவது கையில் பிடித்து டிஸ்க்கால் இரும்பை வெட்டும் மிஷினில், அடிபடுகிறார்களே, அது எப்படி என்பதுதான் பேச்சு. புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள்.

இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கிற தவறு இதுதான். பார்ப்பதற்குத் தவறு மாதிரியே இருக்காது என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

6 இஞ்சு பைப், ஷெட்யூல் 40 (பைப் சுவரின் கனத்தைச் சொல்லும் எண்). ஒரு மீட்டருக்கே 28 கிலோ. ஆறு மீட்டர் நீளம் என்றால் 170 கிலோ பக்கம் வரும். அதை முனைக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாண்டில் ஆடாமல் அசையாமல் ஏற்றி வைக்கிறார்கள். நடுவில் சாக்பீஸ் கோடு. 7 இஞ்சு கிரைண்டரை எடுத்து மேலிருந்து இறக்குகிறார்கள். தூரத்தில் நிற்கும் சூப்பர்வைசர்கூட, பையன் நன்றாகத்தான் செட் பண்ணியிருக்கிறான் என்று நினைத்துவிட்டுப் போய்விடுவார்.

பைப் தன் எடையிலேயே நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். முழுப் பைப்பாக இருக்கிற வரை அது கண்ணுக்குத் தெரியாது. மேல்பக்கத்தை வெட்ட வெட்ட, மிச்சமிருக்கும் இரும்பு தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகும்; இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று சாயும். வெட்டின இடைவெளியே டிஸ்க் கனம்தான், இரண்டு மூன்று மில்லிமீட்டர். அது மூடினால் டிஸ்க்குக்குப் போக இடமில்லை. "கடிச்சிருச்சு" என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

நம்பிக்கை வராவிட்டால், பழைய ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றை எடுத்து மேல்பக்கம் பிளேடால் பாதிவரை கீறுங்கள். இரண்டு முனையையும் தாங்கிப் பிடித்து, நடுவை இன்னொருவரை அமுக்கச் சொல்லுங்கள். கீறல் மூடிக்கொள்ளும். கீறலுக்கு ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் தொங்கவிட்டால் அதே கீறல் வாயைத் திறக்கும். பட்டறையில் இதை ஒரு தடவை செய்து காட்டினால் போதும், பங்களாதேஷ் தம்பிகளுக்கும் சீன ஃபோர்மேனுக்கும் மொழியே தேவையில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, கை சுத்தமான வேலைக்காரன். இதே மாதிரி ஏற்றி வைத்து வெட்டிக்கொண்டிருந்தான். தீப்பொறி தன்மேல் படக்கூடாது என்று, பொறி எதிர்ப்பக்கம் போகிற மாதிரி மிஷினைத் திருப்பிப் பிடித்திருந்தான். புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் டிஸ்க் கடித்தால், அது சுழலும் திசைக்கு நேர் எதிர்த்திசையில்தான் மிஷின் உதறும். பொறி அந்தப் பக்கம் போனால் மிஷின் இந்தப் பக்கம் வரும். வந்தது. கை எடுத்தாலும் ஓடும்படி ஸ்விட்ச் லாக்கில் இருந்ததால் சுற்றிக்கொண்டே வந்தது. தடித்த பேண்டைக் கிழித்துத் தொடையில் இறங்கிவிட்டது. கண்ணாடி, ஷீல்டு, கையுறை எல்லாம் அவன் போட்டுத்தான் இருந்தான். அவற்றுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம்?

ஆபரேஷன், எம்சி (மருத்துவ விடுப்பு), அதற்குப் பிறகு லைட் டியூட்டி என்று மாதங்கள் ஓடின. ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது, ஓவர்டைம் நின்றுபோனது. அதைவிட என்னைக் கோபப்படுத்தியது விபத்து அறிக்கைதான். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு. அவன் கண்ணெடுக்காமல் கோட்டைப் பார்த்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தான். ஸ்டாண்டு எங்கே இருந்தது என்று யாரும் எழுதவில்லை. கவனக்குறைவு என்று எழுதினால் மறுநாள் டூல்பாக்ஸில் "எல்லோரும் கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடிவிடலாம். ஸ்டாண்டைப் பற்றி எழுதினால் நாலு ஸ்டாண்டு கூட வாங்க வேண்டியிருக்கும்.

சரி, எப்படிச் செய்வது?

வெட்டப்போகும் துண்டு சின்னதாக இருந்தால், கோட்டுக்கு இந்தப் பக்கம் பைப்பை நன்றாகத் தாங்கிக் கட்டிவிட்டு, அந்தத் துண்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்க விடுங்கள். அது தொங்கும்போது வெட்டு திறக்கும். விழும் இடத்தில் கால் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் நீளம் என்றால் நாலு ஸ்டாண்டு வேண்டும்: முனைகளில் இரண்டு, கோட்டை ஒட்டி இரு பக்கமும் ஒவ்வொன்று. கோட்டுப் பக்கத்து ஸ்டாண்டுகள் பேருக்கு நிற்காமல் எடையை வாங்க வேண்டும். பைப்புக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே காகிதம் நுழைந்தால் ஸ்டாண்டின் ஜாக்கியை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். தரை மேடு பள்ளமாக இருக்கிற யார்டில் ஸ்டாண்டை நம்பாமல் செயின் பிளாக்கில் (சங்கிலியால் எடை தூக்கும் கருவி) ஸ்லிங் பட்டை போட்டு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வதே மேல். வெட்டு கொஞ்சம் போனதும் மிஷினை நிறுத்திவிட்டு வெட்டினுள் சின்ன ஆப்பு ஒன்று தட்டி வையுங்கள். அப்புறம் பைப்பை உருட்டி அடுத்த பக்கம் போங்கள்.

டிஸ்க் சுற்றுகிற கோட்டுக்கு நேராக உடம்பு இருக்கவே கூடாது. ஓரமாக நில்லுங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி டூல் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறவர்கள் அதை எடுத்து மாட்டுங்கள். மிஷின் உதறும்போது தாங்குவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: கடித்து நின்ற பிறகு, டிஸ்க் உள்ளே இருக்கும்போதே மறுபடி ஸ்விட்சைப் போடுகிறார்கள். முதல் தடவை தப்பித்தவனுக்கும் இரண்டாவது தடவை அடி விழுவது இங்கேதான். பிளக்கைப் பிடுங்கி, பைப்பைத் தூக்கி இடைவெளியைத் திறந்து, டிஸ்க்கை வெளியே எடுங்கள். ஓரம் உடைந்திருந்தாலோ கீறல் விட்டிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். வெளியே முழு வேகம் எடுத்த பிறகுதான் மறுபடி வெட்டுக்குள் இறக்க வேண்டும்.

கப்பல் ரிப்பேரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு முனையும் ஃபிளேஞ்சில் (பைப் முனையில் போல்ட் போட இருக்கும் வளையம்) போல்ட் போட்ட பழைய லைனை அப்படியே நடுவில் வெட்டாதீர்கள். பொருத்தியவர்கள் அளவு சரியாக வராமல், இழுத்துப் பிடித்து போல்ட் முறுக்கியிருப்பார்கள். அந்த இழுவை அத்தனை வருடமும் பைப்புக்குள்ளேயே இருக்கும். வெட்டும்போது மூடுமா, திறக்குமா, பக்கவாட்டில் துள்ளுமா என்று யாராலும் சொல்ல முடியாது. லைன் காலியாகி, ஐசொலேட் ஆகியிருக்கிறதா (வேறெங்கிருந்தும் எதுவும் உள்ளே வராமல் அடைத்திருக்கிறதா) என்று பார்த்துவிட்டு, முதலில் ஃபிளேஞ்சைக் கழற்றுங்கள். துருப்பிடித்து வராவிட்டால் ரெசிப்ரோ சா (முன்னும் பின்னும் ஓடும் மின் ரம்பம்) கேளுங்கள். நேரம் எடுக்கும்தான். ஆனால் அது கடித்தால் நின்றுபோகும் அல்லது கையை உலுக்கும், கிரைண்டர் டிஸ்க் மாதிரி உடைந்து பறக்காது.

கட்டிங் டிஸ்க்கைப் பக்கவாட்டில் தேய்ப்பது

வெட்டி முடித்ததும் விளிம்பில் பிசிறு நிற்கும். கிரைண்டிங் டிஸ்க் மாற்றச் சோம்பல்பட்டு, கையிலிருக்கும் கட்டிங் டிஸ்க்கின் பக்கத்தாலேயே இரண்டு தேய். அந்த டிஸ்க் ஒரு மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கனம்தான். உள்ளே கண்ணாடி இழை வலை, அதன்மேல் ரெசின். விளிம்பில் வெட்டத்தான் அது பலம், பக்கத்தில் அழுத்தினால் வலை அறுந்து உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். தேய்த்தவனுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. நைட் ஷிஃப்டுக்கு வந்து அதே மிஷினை எடுக்கிறவனுக்குத்தான் உடையும். யார் தேய்த்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அடுத்தவர் விட்டுப் போன மிஷினை எடுத்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் எழுத்து தேய்ந்திருந்தால் குப்பைத் தொட்டிதான். பெஞ்ச் கிரைண்டர் கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கிற பழைய முறை இந்த மெல்லிசான டிஸ்க்குக்கு உதவாது. புது டிஸ்க் மாட்டினாலும், ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

காலி டிரம்மை வெட்டுவது

வெட்டாதீர்கள். உள்ளே திரவம் இல்லை, ஆவி இருக்கிறது. ஒரு பொறி போதும்.

சின்ன மிஷினில் பெரிய டிஸ்க்

7 இஞ்சு டிஸ்க்கின் மேல் 8,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று அச்சடித்திருக்கும். 4 இஞ்சு மிஷின் சும்மா ஓடினாலே 11,000, 12,000 போகும். 4 இஞ்சு டிஸ்க்கில் துளை 16 மில்லிமீட்டர், 7 இஞ்சு டிஸ்க்கில் 22. அந்த வித்தியாசமே ஒரு தடைதான். நம் ஆட்கள் லேத்தில் புஷ் (துளையில் போடும் வளையம்) கடைந்து போட்டு, டிஸ்க்கை மூடும் கார்டையும் கழற்றிவிட்டு மாட்டுகிறார்கள். அந்தத் திறமையை வேறு எதிலாவது காட்டலாம்.

8,500-இல் அந்த டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். இங்கே எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கே அதிகபட்சம் 90தான். அதை 11,000-க்குத் தள்ளினால் வேகம் மூன்றில் ஒரு பங்குகூட ஏறுவதில்லை. ஆனால் டிஸ்க்கைப் பிய்க்கிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் ஒன்றே முக்கால் மடங்கு பக்கம் போய்விடும். கார்டு இல்லாததால் துண்டுகளை மறிக்கவும் ஒன்றுமில்லை. 4 இஞ்சு மிஷினில் 5 இஞ்சு டிஸ்க் மாட்டுகிறவர்கள் "ஆர்பிஎம் சரியாகத்தானே இருக்கிறது அண்ணே" என்பார்கள். இருக்கலாம் தம்பி. கார்டு எங்கே?

பல் வைத்த மர பிளேடு

கிரைண்டரில் மாட்டாதீர்கள். யார் சொன்னாலும், ஒரே ஒரு பிளைவுட் துண்டுதான் என்றாலும்.

ஈரக் கன்டெய்னரில் கிடக்கும் டிஸ்க்

இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ரெசின் டிஸ்க்குக்கும் தேதி உண்டு: நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும், தயாரித்ததிலிருந்து மூன்று வருடம். சிங்கப்பூர் வெக்கையில், மழையில் ஒழுகுகிற கன்டெய்னர் ஸ்டோரில், சிமெண்ட் தரையில் பெட்டி பிரிந்து கிடந்தால் அந்தத் தேதிக்கும் அர்த்தமில்லை. ஈரத்தை உறிஞ்சும், பலம் போகும், ஒரு பக்கம் கனத்து ஆட ஆரம்பிக்கும். பெட்டியோடு, உயரமான ஷெல்ஃபில், தட்டையாக அடுக்கி வையுங்கள். ஸ்டோர்மேன் பழைய சரக்கை முதலில் தள்ளப் பார்ப்பார். தேதி தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்டு போனதும் மிஷினைக் கீழே வைத்துவிட்டுப் போவது

டிபி (கரண்டுப் பெட்டி) ட்ரிப் ஆகிவிட்டது, ஸ்விட்ச் ஆனிலேயே நிற்கிறது, ஆள் டீ குடிக்கப் போய்விட்டார். எலெக்ட்ரீஷியன் வந்து தூக்கிவிட்டதும் மிஷின் தரையில் தானே ஓட ஆரம்பிக்கும். கரண்டு போன உடனே ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். புது மிஷின் வாங்குகிற முதலாளிகள், கை எடுத்தால் நிற்கிற பேடில் ஸ்விட்ச் மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பிரச்சினையில் பாதி ஒழியும்.

அடிபட்டதை மறைப்பது

சின்ன வெட்டுதானே, கிளினிக்குக்கு நான் காசு கொடுக்கிறேன், வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு என்பார்கள் சில சப்கான்ட்ராக்டர்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவித்தே ஆக வேண்டும். டாக்டரிடம் முதல் தடவையே வேலையிடத்தில் கிரைண்டரால் நடந்தது என்று சொல்லுங்கள், அது குறிப்பில் ஏறிவிடும். முடிந்தால் பைப், ஸ்டாண்டு, டிஸ்க் எல்லாம் இருந்தபடியே ஒருவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

"உன் தப்புதானே, உனக்கு எப்படிக் காசு வரும்?" என்று மிரட்டினாலும் பயப்பட வேண்டாம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் தப்பு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலை செய்யும்போது வேலையால் காயம் ஏற்பட்டது என்பதுதான் கேள்வி. போதையில் இருந்தாலோ வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டாலோ கதை வேறு. வெளிநாட்டு ஊழியருக்கும் இது பொருந்தும். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை போட வேண்டும். பட்டுக்கோட்டைத் தம்பியின் அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தும் அவனுக்கு இழப்பீடு வந்தது. இப்போது அவனும் ஸ்டாண்டு நாலு இல்லாமல் மிஷினைத் தொடுவதில்லை, சூப்பர்வைசர் எத்தனை கத்தினாலும்.