புழுக்கத்திலும் கலங்காத மார்பிள் ஐசிங்

பழைய கோப்பிக் கடை மார்பிள் மேசையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முக்கால்வாசி வெள்ளைதான். சாம்பல் ரேகை ஒன்று ஓரத்தில் கிளம்பி, சரிவாக ஓடி, நடுவில் பட்டையாகி, பிறகு நூலாக மெலிந்து காணாமல் போகும். அடுத்த ரேகை அதற்குப் பக்கத்தில் இருக்காது. ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். கேக் மேல் பூசும் பட்டர் கிரீமில் அதைக் கொண்டுவர, நிறங்களைக் கலக்காமல் கையை நிறுத்தத் தெரிந்தால் போதும். கோலாலம்பூர், பினாங்கு வெயிலில் இன்னொன்றும் தெரிய வேண்டும்: பட்டர் எப்போது இளகும், அதற்குள் எவ்வளவு வேலை முடியும் என்பது.

8 அங்குல வட்டக் கேக், மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு உப்பில்லாத பட்டர் 300 கிராம், வெள்ளை ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) 100 கிராம், இரண்டு தடவை சலித்த ஐசிங் சுகர் 600 கிராம், வெனிலா 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. மொத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். 350 கிராம் அடுக்குகளுக்கு நடுவே, 200 கிராம் முதல் பூச்சுக்கு, மிச்சம் 450 கிராமும் வெளிப்பூச்சுக்கு. இந்த ஐசிங்கில் முட்டை இல்லை. கேக்கையும் முட்டையில்லாமல் செய்தால் வீட்டில் சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்கும் கொடுக்கலாம்.

ஷார்ட்டனிங் எதற்கு? பட்டர் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். நம் சமையலறை மதியத்தில் தொடுகிற சூடு அதுதான். இங்கே பேக்கரிச் சாமான் கடைகளில் கிடைக்கும் செம்பனை ஷார்ட்டனிங் அதைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும். அதற்காகப் பாதிக்குப் பாதி போடாதீர்கள், நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். மார்ஜரின் வேண்டவே வேண்டாம். மஞ்சள் நிறம், உப்புச் சுவை, இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாது.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் பட்டரை இரவே வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். இங்கே அப்படிச் செய்தால் காலையில் தட்டில் குழைந்துபோய்க் கிடக்கும். கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி 15, 20 நிமிடம் வைத்தாலே போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், மேலே பளபளப்பு தெரியக்கூடாது. பளபளத்தால் உருக ஆரம்பித்துவிட்டது. திரும்ப ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பட்டரை மட்டும் மிதமான வேகத்தில் ஆறேழு நிமிடம் அடியுங்கள். மஞ்சள் வெளிறித் தந்த நிறத்துக்கு வரும். பிறகு ஷார்ட்டனிங், அதன் பின் சர்க்கரையை மூன்று தவணையாக, கடைசியில் பால். எல்லாம் சேர்ந்ததும் மிஷினை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து மூன்று நிமிடம் ஓட விடுங்கள். பலர் தாண்டிப் போகிற படி இது. காற்றுக் குமிழ் உள்ளே இருந்தால் வழவழப்பாக்கும் நேரத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும்.

அப்படியும் மஞ்சள் தெரிந்தால், பல்குச்சி நுனியில் தொட்ட அளவு ஊதா ஜெல் கலர் சேருங்கள். ஊதா மஞ்சளை அடக்கிவிடும். அளவு மீறினால் சாம்பலாகிவிடும் என்பதால் நுனிக்கு மேல் போகாதீர்கள். நீல மார்பிள் செய்கிறவர்கள் இதை விடக்கூடாது. மஞ்சள் பட்டரில் விழுந்த நீலம் பச்சையாகத்தான் வரும்.

வெளிப்பூச்சுக்கு வைத்த 450 கிராமில் 300 வெள்ளையாகவே இருக்கட்டும். 100 கிராமில் நடுத்தர நிறம், 50 கிராமில் அழுத்தமான நிறம். ஜெல் கலர்தான் சரி. தண்ணீர் கலர் அதிகமானால் கிரீம் திரிந்துவிடும். ஒரு மணி நேரம் முன்பே கலக்கி வையுங்கள், நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாக. வைக்க வைக்க நிறம் ஏறும். வெள்ளை, சாம்பல், நீலம் சேரும். வெள்ளை, இளஞ்சிவப்பு, பீச் சேரும். சிவப்பும் பச்சையும், ஊதாவும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் உரசுகிற இடமெல்லாம் சேற்று நிறம்தான்.

சங்குப்பூ நீலம் ஆசைப்படுகிறவர்கள், காய்ந்த பூ பத்துப் பன்னிரண்டை ஒரு மேசைக்கரண்டி சூடான பாலில் ஊற வைத்துப் பிழிந்து, நன்றாக ஆறிய பின் நிறத்துக்குப் பிரித்த பங்கில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கடையில் வாங்கும் நீலத்தின் பளிச்சென்ற தன்மை இதில் வராது, மங்கிய கல் நீலம்தான் வரும். மார்பிளுக்கு அதுவே அழகு. எலுமிச்சைச் சாறு மட்டும் பக்கத்தில் வரக்கூடாது, பூவின் நீலம் ஊதாவாக மாறிவிடும்.

கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மெல்லிய முதல் பூச்சு போட்டு, உதிரும் தூளையெல்லாம் அதிலேயே அடக்கி, ஐஸ் பெட்டியில் 30 நிமிடம். ஏர்கோன் உள்ள அறை இருந்தால் 22, 23 டிகிரியில் வைத்து மற்ற வேலையை அங்கேயே செய்யுங்கள். இல்லையென்றால் விடியற்காலை அல்லது இரவு. மதியம் இரண்டு மணிக்கு இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இனி மார்பிள். மூன்று நிறமும் ஒரே பதத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று இளகியிருந்தால் மற்றதன் மேல் வழிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கேக்கைச் சுற்றி வெள்ளையைத் திட்டுத் திட்டாக அப்புங்கள், நடுவில் இடைவெளி விட்டு. இடைவெளிகளில் நடுத்தர நிறம், 20 சென் நாணயம் அளவில் சில, அதில் பாதி அளவில் சில. அழுத்தமான நிறம் மிளகளவு, அதுவும் ஏழெட்டு இடத்தில் மட்டும். ஒரே அளவில் சீராக வைத்தால் சிறுத்தைப் புள்ளியாகிவிடும். ஐசிங்கை வழித்துச் சமன் செய்யும் தகடான ஸ்கிராப்பர் எதையும் படுக்கை வாட்டில்தான் இழுக்கும். சரிந்த ரேகை வேண்டுமென்றால், சிறு ஸ்பேச்சுலா நுனியால் ஒவ்வொரு பொட்டையும் முன்கூட்டியே கீழிருந்து மேலாகச் சாய்த்து இழுத்துவிடுங்கள்.

ஸ்கிராப்பரின் அடி சுழல்மேடையில் பட, கேக்கோடு 45 டிகிரி சாய்வில் பிடித்து, கையை அசைக்காமல் மேடையை மட்டும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தகட்டைத் துடையுங்கள். துடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனால் அதில் ஒட்டிய கலவை கேக் முழுக்கப் பரவும். பெரும்பாலான கேக்குகள் சாம்பலாவது இதனால்தான். குழி தெரிகிற இடத்தில் வெள்ளையை வைத்து அடைத்து, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. அதோடு சரி. நாலாவது சுற்று வேண்டுமென்றால் கேக்கை 15 நிமிடம் குளிர வைத்து, வெந்நீரில் முக்கி உலரத் துடைத்த தகட்டால் ஒரே ஒரு தடவை. சின்னக் குறை ஒன்று கண்ணில் உறுத்தத்தான் செய்யும். அதைத் தொடப் போய்தான் நல்ல ரேகையெல்லாம் அழியும்.

மேல்பக்கத்துக்கும் இதே முறைதான். விளிம்பில் எழும்பி நிற்பதை வெளியிலிருந்து உள்நோக்கி இழுத்துச் சமன் செய்யுங்கள்.

கப் கேக்கில் சுழல் போட, க்ளிங் ராப்பில் மூன்று நிறத்தையும் பக்கம் பக்கமாகப் பட்டையாகப் பரப்பி, சுருட்டி, நுனியை வெட்டி, நோசில் மாட்டிய பைக்குள் இறக்குங்கள். முதல் பிழிவைத் தட்டில் விடுங்கள், அதில் ஒரே நிறம்தான் வரும். பையைப் பாதி மட்டும் நிரப்புங்கள். உள்ளங்கைச் சூட்டிலேயே ஐசிங் இளகிவிடும்.

கிரீம் கஞ்சி மாதிரி ஆனால் சர்க்கரையைக் கொட்டாதீர்கள். கிண்ணத்தோடு 10 நிமிடம் குளிர வைத்து மறுபடி அடித்தால் கூடிவரும். பூசியபின் நிறம் கலங்கிவிட்டால், கேக்கைக் குளிர வைக்காமல் உடனே வெளிப்பூச்சை வழித்தெடுங்கள். அடியில் இறுகிய முதல் பூச்சு அப்படியே நிற்கும். வழித்ததை வீசாமல் அடுத்த கேக்கின் உள் அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

முடித்த கேக்கை அட்டைப்பெட்டியில் மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்கக்கூடாது. குளிர்ந்த ஐசிங் மேல் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் வியர்வை முத்து முத்தாகப் பூக்கும், அழுத்தமான நிறம் அதில் கரைந்து கண்ணீராக வழியும். மூடியபடியே ஏர்கோன் அறையில் 40 நிமிடம் இருக்கட்டும். ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக் தப்பிக்கும். காரில் கொண்டு போவதானால் இருக்கை சரிந்திருக்கும், மடியோ சூடு. முன்னிருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில், அடியில் வழுக்காத பாய் போட்டு, ஏர்கோன் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.