எஸ்ஏடிக்குப் பணம் கட்டும் முன் கல்லூரிப் பட்டியலைப் போடுங்கள்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் முதலில் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் கல்லூரிகளைத் தேடுகிறார்கள். இதை அப்படியே மாற்றிச் செய்யுங்கள். கொரோனா காலத்தில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தேர்வு கட்டாயமில்லை என்றன. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி 2022இலும் ஹார்வர்டு 2024இலும் மீண்டும் கட்டாயம் என்று அறிவித்தன. பெர்க்லி, யுசிஎல்ஏ உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. 1600க்கு 1600 எடுத்தாலும் அங்கே தேர்வாக அது உதவாது.

'விருப்பம் இருந்தால் அனுப்பலாம்' என்று சொல்லும் கல்லூரிகளில்தான் குழப்பம் அதிகம். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை இணையத்தில் வெளியிடுகின்றன. மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்த மாணவர்களில் நடுவிலுள்ள பாதிப் பேர் எந்த மதிப்பெண் வரம்பில் இருந்தார்கள் என்பது அதில் இருக்கும். உங்கள் மதிப்பெண் அந்த வரம்பின் மேல்பாதியில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். கீழ் எல்லைக்கும் குறைவு என்றால் அனுப்பாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

சரி, எழுதுவதென்று முடிவாகிவிட்டதா? எஸ்ஏடி எழுதப் பயன்படும் புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு பாடத்திலும் முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். கடினமான இரண்டாம் பகுதி வந்தால்தான் உயர்ந்த மதிப்பெண் எடுக்க முடியும், அதனால் முதல் பகுதியில் அவசரப்படாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடவும் வேண்டாம். பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.